பழைய சஃபாரியில் முன் சீட்டுகளை மாற்றுவது எப்படி: டேப்பில் தொடங்கி கடைசி போல்ட் வரை

என் டாட்டா சஃபாரி 2009-ஆம் ஆண்டு வண்டி, 2.2 லிட்டர் டைகோர் டீசல் எஞ்சின். எஞ்சின் இன்னும் இளமையாகத்தான் இருக்கிறது. கிழடு தட்டியது டிரைவர் சீட்டுக்குத்தான். உயரமான வண்டி என்பதால் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உடம்பின் பாரம் முழுக்க வலது ஓரத்தில் விழும். பதினைந்து வருடம் அப்படி விழுந்ததில் அந்த ஓரம் குழியாகி, அடியில் இருந்த கம்பி தொடையைத் தேடி வர ஆரம்பித்தது. சென்னையிலிருந்து திருநெல்வேலி போய் வந்தால் இரண்டு நாளைக்கு இடுப்பு என் பேச்சைக் கேட்காது.

முதல் முறை நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய சாமான் கடையில் வேறொரு காரின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். சோபா மாதிரி இருந்தது, வாங்கிவிட்டேன். வீட்டில் கொண்டுவந்து வைத்தால் சீட்டின் கால்கள் தரைத் துளையில் உட்காரவில்லை, ஒரு பக்கம் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். கடைக்காரருக்குப் போன் செய்தேன். "பட்டை வெச்சு வெல்டு அடிச்சுடுங்க சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். பாதி விலைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். சீட் மாற்றுவதில் கழற்றி மாட்டுவது அரை நாள் வேலை. சரியான சீட்டைத் தேடுவதுதான் மெய்யான வேலை. அதனால் இந்த வழிகாட்டியிலும் அந்தப் பகுதிதான் நீளமாக இருக்கும்.

மாற்றத்தான் வேண்டுமா?

சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, டார்ச் அடித்து அடியில் பாருங்கள். வளைந்து வளைந்து ஓடும் ஸ்பிரிங் கம்பிகள் தெரியும். அதில் ஒன்று அறுந்திருந்தாலோ, கொக்கியிலிருந்து கழன்றிருந்தாலோ, சீட் அந்தப் பக்கம் சாயும். அதற்குச் சீட்டையே மாற்றத் தேவையில்லை, குஷன் கடையில் சரிசெய்து தருவார்கள். ஃபோம் மட்டும் அமுங்கியிருந்தாலும் அப்படித்தான். ஆனால் குஷன் கடைக்காரர் பழைய ஃபோமின் மேலேயே இன்னொரு அடுக்கு ஒட்டித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். உட்காரும் உயரம் ஏறிவிடும். ஹெட்ரெஸ்ட் தலைக்குப் பின்னால் இல்லாமல் கழுத்துக்குப் பின்னால் வந்துவிடும். குழி விழுந்த இடத்தை வெட்டியெடுத்து, 40 டென்சிட்டி ஃபோமை அந்த அளவுக்கே பதிக்கச் சொல்லுங்கள்.

சீட்டையே மாற்ற வேண்டிய நிலை வேறு. முதுகுப் பலகை லாக் ஆகாமல் ஆடுவது, சீட் முன்னும் பின்னும் ஓடும் ரெயிலின் பல் தேய்ந்து பிரேக் போடும்போது சீட் நகர்வது, பிரேமில் வெடிப்பு, துரு. இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

எந்த வண்டியின் சீட்?

அதே மாடல், அதே தலைமுறை, உங்களுடையதைவிட மேல் வேரியன்ட். இதைவிட நல்ல வழி கிடையாது. கால்களும் துளைகளும் அப்படியே பொருந்தும். துணியும் கைப்பிடியும் இடுப்புத் தாங்கலும்தான் மேம்பட்டதாக இருக்கும்.

பெயரை நம்பி ஏமாறக் கூடாது. சஃபாரி என்ற பெயரில் 1998-இல் ஒரு வண்டி வந்தது. 2012-இல் வந்த ஸ்டார்ம் வெளித்தோற்றத்தில் அதன் தம்பி மாதிரி இருந்தாலும், சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், டாட்டாவின் ஆரியா வண்டியின் வழியில் வந்தது. 2021-இல் வந்த சஃபாரிக்குத் தனிச் சேசிஸே கிடையாது, உடலே அடிச்சட்டமாகவும் இருக்கும் மோனோகாக் அமைப்பு. மூன்றுக்கும் ஒரே பெயர் என்பதால் சீட் பொருந்திவிடும் என்று கணக்குப் போடக் கூடாது. ஸ்கார்பியோவிலும் இதே கதைதான். 2002-இல் வந்ததும் 2014-இல் புதுச் சேசிஸோடு வந்ததும் வேறு வேறு.

கடைக்குப் போகும் முன் உங்கள் சீட்டில் இந்த அளவுகளை எடுத்து ஒரு தாளில் படம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

- முன் இரண்டு போல்ட்டுகளின் மையத்துக்கு மையம் தூரம்
- பின் இரண்டுக்கும் அதே அளவு (முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்)
- முன் போல்ட்டிலிருந்து பின் போல்ட் வரை, இரண்டு ரெயிலிலும் தனித்தனியாக
- நான்கு மூலைகளையும் சரிபார்க்க, குறுக்காக இரண்டு மூலைவிட்டங்களும்
- ஒவ்வொரு காலும் தரையிலிருந்து எவ்வளவு உயரம். கியர்பாக்ஸ் மேடு பக்கத்துக் கால் பெரும்பாலும் குட்டையாக இருக்கும்
- தரையிலிருந்து குஷனின் முன் ஓரம், பின் ஓரம்
- ஸ்டீயரிங்கின் மையத்துக்கு நேராகச் சீட்டின் மையம் இருக்கிறதா

நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்காது என்பதுதான் புதிதாகச் செய்பவர்கள் கவனிக்காமல் விடும் விஷயம். நீள அகலம் பொருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டு வாங்கி வந்து, வாஷர் மேல் வாஷராக அடுக்கிச் சமன்செய்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். போல்ட்டின் மரை நட்டில் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதுதான் பிடிப்பு. வாஷர் அடுக்க அடுக்க அந்த ஆழம் குறைகிறது.

இடது சீட்டை வலதுக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். நம் ஊரில் இடது சீட்டின் குஷன் எப்போதும் புதுசு மாதிரி இருக்கும் என்பதால் ஆசை வருவது இயல்புதான். முழுச் சீட்டாக மாற்ற முடியாது. பெல்ட் பக்கிளும் சாய்க்கும் லீவரும் எதிர்ப் பக்கம் வந்துவிடும், கால் உயரங்களும் தலைகீழாகிவிடும். அடிக் குஷனின் ஃபோமை மட்டும் கழற்றி மாற்றலாமா என்பது இரண்டும் ஒரே வார்ப்பில் வந்தவையா என்பதைப் பொறுத்தது. கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வெல்டு விஷயத்துக்கு ஒரு கணக்கு. வண்டி எங்காவது மோதி, புவியீர்ப்பைப் போல 20 மடங்கு வேகக்குறைப்பு ஏற்படுகிறது என்று வையுங்கள். 70 கிலோ ஆள் அந்தக் கணத்தில் 1400 கிலோ பாரமாக முன்னால் தள்ளுவார். 20 கிலோ சீட் தன் பங்குக்கு 400 கிலோ. பக்கிள் சீட்டின் பிரேமில் பொருத்தப்பட்டிருந்தால், பெல்ட் இழுக்கும் பாரத்தில் கணிசமான பங்கு அந்த நான்கு போல்ட்டுகள் வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும். தெருமுனைப் பட்டறையில் அரை மணி நேரத்தில் அடித்த பட்டைக்கு அந்தப் பாரத்தைத் தாங்கத் தெரியுமா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. வண்டிக்கென்றே செய்து சோதித்து விற்கும் பிராக்கெட் கிடைத்தால் வாங்கலாம். கையால் அடித்தது வேண்டாம்.

வாங்கும் இடத்தில்

சென்னையில் என்றால் புதுப்பேட்டை. புதுத் துணி, கவர், ரெக்சின் வேலைக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. எங்கே வாங்கினாலும் பார்க்க வேண்டியவை ஒன்றுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, முழுகிய வண்டிகளின் பாகங்கள் சந்தைக்கு வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 2023 டிசம்பரில் மறுபடியும் வண்டிகள் முழுகின. மேலே துணியைத் துவைத்து, வாசனை அடித்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். நீங்கள் ரெயிலின் உட்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள். சேறு காய்ந்து மாவு போல ஒட்டியிருந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. குஷனின் அடியில் மூக்கை வைத்து மோந்து பாருங்கள், இதற்கு வெட்கப்பட வேண்டாம். அந்த வண்டியின் பெல்ட்டும் அங்கேயே இருந்தால், கடைசி வரை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற கோடு நாடாவில் அப்படியே பதிந்திருக்கும்.

அடுத்தது விபத்து. சீட்டைப் பின்னாலிருந்து பார்த்தால் முதுகுப் பலகை அடிக் குஷனுக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். ரெயிலை முன்னும் பின்னும் முழுத் தூரமும் ஓட்டுங்கள். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் இறுகினால் ரெயில் வளைந்திருக்கிறது. முதுகுப் பலகையை ஒவ்வொரு பல்லிலும் நிறுத்தி, கையால் பலமாகப் பின்னால் தள்ளுங்கள். பல் நழுவக் கூடாது.

பக்கிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேறு கம்பெனியின் பக்கிளில் உங்கள் பெல்ட்டின் நாக்கு "கிளிக்" என்று உட்காரலாம். அந்தச் சத்தம் மட்டும் போதாது. முழுப் பாரத்தில் அது பிடிக்கும் என்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை. நாக்கும் பக்கிளும் ஒரே வண்டியினுடையதாக இருக்கட்டும். விபத்தில் இயங்கிய பிரிடென்ஷனர் (மோதும் கணத்தில் பெல்ட்டை இறுக்கும் கருவி) உள்ள பக்கிள், சாதாரண பக்கிளைவிடக் குட்டையாக இறங்கியிருக்கும். அது மறுபடி உதவாது.

சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதிய சின்ன லேபிள் தைக்கப்பட்டிருந்தால், ஏர்பேக் இல்லாத உங்கள் பழைய வண்டிக்கு அது வேண்டாம். வெடிமருந்து வைத்த பொருளை ஒயர் தொங்க விட்டு முதுகுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. உங்கள் வண்டியில் அந்த ஏர்பேக் இருந்து புதுச் சீட்டில் இல்லாவிட்டால், எச்சரிக்கை விளக்கை அணைக்க ஒரு ரெசிஸ்டரை மாட்டிவிடும் வேலையும் வேண்டாம்.

கரண்டில் நகரும் சீட் கிடைத்தால் தூக்கிக்கொண்டு வர ஆசை வரும். ஒயரிங்கை பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு தடித்த ஒயரில் இழுக்க வேண்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து இழுத்தால் ஒயர் சூடாகும். சூடாக்கும் சீட்டைப் பற்றி நம் ஊரில் பேச வேண்டியதில்லை. ஏப்ரல் மாதம் வெயிலில் நிறுத்திய வண்டியில் அந்த வசதி இலவசம்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. இருக்கை எண்ணிக்கை அந்த விவரங்களில் ஒன்று. முன்னால் இரண்டு இருந்த இடத்தில் அதே இரண்டு இருக்கும் வரை பிரச்சினை வராது. 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது வண்டியைப் பார்ப்பார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள்

பழைய வண்டியின் சீட் போல்ட், போட்ட நாளிலிருந்து அசைந்திருக்காது. மழைக்காலத்தில் நனைந்த செருப்பு, கதவு ரப்பர் வழியாக ஒழுகிய தண்ணீர் எல்லாம் அதன் தலையில்தான் இறங்கியிருக்கும். எனவே முந்தின நாள் மாலையே துருவிளக்கும் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். போல்ட்டின் தலையில் அடித்தால் பாதிப் பயன்தான். வண்டிக்கு அடியில் படுத்து, தரைத் தகட்டுக்குக் கீழே மரை வெளியே தெரியும் இடம் இருந்தால் அங்கே அடியுங்கள்.

தேவையான சாமான்கள்: சாக்கெட் செட் (13 முதல் 17 வரை போதும், சில வண்டிகளில் நட்சத்திரத் தலை இருக்கும்), நீளமான கைப்பிடி, எக்ஸ்டென்ஷன், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்), கம்பி பிரஷ், டார்ச், பழைய போர்வை இரண்டு, அட்டைப் பெட்டி, தடித்த கையுறை. கூட ஓர் ஆள். சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த தலையை வழித்துவிடும்.

கழற்றுவது

1. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கரண்ட் சீட் என்றால் பேட்டரியைத் தொடும் முன்பே போல்ட்டுகள் தெரியும்படி சீட்டை நகர்த்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. ஹெட்ரெஸ்டைக் கழற்றுங்கள். சீட்டைப் பின்னால் தள்ளினால் முன் போல்ட்டுகளும், முன்னால் தள்ளினால் பின் போல்ட்டுகளும் வெளியே வரும். பிளாஸ்டிக் மூடிகள் இருந்தால் மெதுவாக நெம்புங்கள், பழைய பிளாஸ்டிக் சட்டென்று உடையும்.

3. முதலில் பின் போல்ட்டுகளை இளக்குங்கள். கால் சுற்று இளகியதும் நின்று, எட்டில் ஒரு பங்கு திரும்ப இறுக்குங்கள், மறுபடி இளக்குங்கள். இப்படி ஆட்டி ஆட்டி எடுத்தால் துரு மாவாகி வெளியே வரும். பொறுமையிழந்து ஒரே மூச்சில் பைப்பை மாட்டித் திருப்பினால் போல்ட் முறியும். இல்லாவிட்டால் அதைவிட மோசமாக, தரைக்கு அடியில் வெல்டு செய்த நட்டு பிய்ந்துகொண்டு கூடவே சுற்றும். காற்றில் இயங்கும் இம்பாக்ட் கன்னை இந்த வேலைக்கு நான் தொடுவதில்லை.

நட்டு சுற்ற ஆரம்பித்துவிட்டால்? நிறுத்துங்கள். அடியிலிருந்து நட்டை ஒருவர் ஸ்பேனரால் பிடிக்க முடிந்தால் கழன்றுவிடும். பிடிக்க முடியாதபடி பெட்டி போன்ற தகட்டுக்குள் இருந்தால், அது டிங்கர் வேலை. அங்கே மட்டும் நல்ல வெல்டர் தேவைப்படுவார். கம்பளத்தை விலக்கி, பேட்டரியைக் கழற்றி, தீப்பிடிக்கும் எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும்.

4. பின் இரண்டும் வந்ததும் முன் இரண்டையும் கழற்றுங்கள். எந்த போல்ட் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று அட்டையில் குத்தி எழுதிவையுங்கள். நான்கும் ஒரே நீளம் என்று எண்ண வேண்டாம்.

5. சீட்டை நடு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். ஸ்டீயரிங்கில் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பத்து நிமிடம் காத்திருங்கள். தேநீர் குடிக்க நல்ல சமயம். பிறகு சீட்டைப் பின்பக்கமாகச் சாய்த்து அடியில் பாருங்கள். பழைய அடிப்படை வேரியன்டில் பெல்ட் எச்சரிக்கைக்கான ஒயரை இணைக்கும் ஒரு கப்ளர் மட்டும் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. மஞ்சள் கப்ளர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது பிரிடென்ஷனர் சம்பந்தப்பட்டது. ஒயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அமுக்கி எடுங்கள்.

6. கதவுப் படிக்கட்டில் போர்வை, ரெயில் முனைகளுக்கு அட்டை. ரெயிலில் கிரீஸும் கூர்மையும் சேர்ந்தே இருக்கும். பெயின்டையும் துணியையும் ஒரே இழுப்பில் நாசமாக்கிவிடும். முதுகுப் பலகையை முன்னால் மடித்து, ஒருவர் உள்ளிருந்து, ஒருவர் வெளியிலிருந்து இறக்குங்கள். வண்டி உயரம் என்பதால் சீட் தோள் மட்டத்தில் வெளியே வரும். தனி ஆளாக முயன்று நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டதுண்டு.

தரை வெறுமையாக இருக்கும்போது

சில்லறை, டோல் ரசீது, காணாமல் போன பேனா எல்லாம் கிடைக்கும். அதையெல்லாம் பொறுக்கிவிட்டு, கம்பளத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சைக் கையால் அமுக்குங்கள். ஈரம் இருந்தால் அன்றே மூடக் கூடாது. கடற்கரை ஊர் வண்டிகளில் துரு இங்கேதான் தொடங்கும். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, காயவிடுங்கள். நட்டுகளின் மரையை அதே அளவு மரை வெட்டும் டேப்பால் ஒருமுறை சுத்தம் செய்துவிடுங்கள். போல்ட்டைக் கம்பி பிரஷால் தேயுங்கள். மரை நசுங்கியிருந்தால் புதுசு வாங்குங்கள், தலையில் உள்ள வலிமை எண்ணைப் பார்த்து. பழையதில் 10.9 என்று இருந்தால் கடையில் கிடைத்த 8.8-ஐ வாங்கி வரக் கூடாது.

மாட்டுவது

தரையில் வைத்திருக்கும்போதே இரண்டு ரெயில்களும் ஒரே பல்லில் இருக்கின்றனவா என்று பாருங்கள். லீவரைத் தூக்கி முன்னால் முழுக்கத் தள்ளி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் "டக்" என்று உட்கார வேண்டும். ஒரு ரெயில் ஒரு பல் பின்தங்கியிருந்தால் சீட் கோணலாக உட்காரும், போல்ட் துளையில் நேராக இறங்காது. நாம் அதைக் கட்டாயப்படுத்தி முறுக்கி மரையைக் கெடுப்போம். இந்த ஒரு சோதனையை விட்டதால்தான் என் இடது சீட்டை இரண்டு முறை கழற்ற வேண்டி வந்தது.

உள்ளே வைத்ததும் முதலில் கப்ளரை மாட்டி, ஒயர் ரெயிலுக்கு அடியில் சிக்காமல் கட்டிவிடுங்கள். பிறகு நான்கு போல்ட்டுகளையும் விரலால் மட்டும் மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். விரலால் ஏறாத போல்ட்டுக்கு ஸ்பேனர் போடக் கூடாது. நான்கும் ஏறியபின், சீட்டை முன்னும் பின்னும் ஒருமுறை ஓட்டி ரெயில்கள் இணையாக ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு, குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள்.

எவ்வளவு இறுக்கம் என்பதற்குக் கம்பெனி சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை. மேனுவல் கைக்கு வரும் வரை ஒரு நிதானத்துக்காக: 8.8 தரத்தில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர், 10 மில்லிமீட்டருக்குச் சுமார் 45. பக்கிளைக் கழற்றியிருந்தால், அதன் போல்ட் மற்றவை போல மில்லிமீட்டர் மரை இல்லாமல் பதினாறில் ஏழு அங்குல மரையாக இருக்கலாம். உலகம் முழுக்கப் பெல்ட்டுக்கு அதுதான் வழக்கம். அதனிடத்தில் வேறு போல்ட்டைத் திணிக்காதீர்கள். பக்கிளின் பட்டை போல்ட்டைச் சுற்றிச் சற்றே அசையும்படிதான் வடிவமைத்திருப்பார்கள், புஷ், வாஷர் வரிசையை மாற்றாமல் போடுங்கள்.

ஓட்டும் முன்

பேட்டரியை மாட்டி, சாவி போட்டு, எச்சரிக்கை விளக்குகள் அணைகின்றனவா என்று பாருங்கள். உட்கார்ந்து, லீவரைத் தொடாமல் காலால் உந்தி முன்னும் பின்னும் பலமாகத் தள்ளுங்கள். துளியும் நகரக் கூடாது. பெல்ட்டை மாட்டிச் சட்டென்று இழுங்கள், அது பூட்டிக்கொள்ள வேண்டும். கிளட்சை முழுக்க அழுத்தும்போது முட்டி சற்று மடங்கியே இருக்க வேண்டும். சீட்டின் உயரம் மாறியிருந்தால் மூன்று கண்ணாடிகளையும் திருப்பி வையுங்கள், மறந்துவிடும் வேலை இது. பிறகு காலி மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் நான்கைந்து முறை சட்டென்று பிரேக். "கிளக்" என்று அடியில் சத்தம் கேட்டால் ஏதோ ஒரு போல்ட் உட்காரவில்லை.

ஒரு வாரம் ஓட்டியபின் டார்க் ரெஞ்சை எடுத்து நான்கையும் மறுபடி சரிபாருங்கள். கம்பளத்தின் பஞ்சு போல்ட்டுக்கு அடியில் மாட்டியிருந்தால் அதற்குள் அமுங்கி இளகியிருக்கும். எனக்கு ஒன்று கால் சுற்று இளகியிருந்தது.

பழைய சீட்டை அதுவரை விற்காதீர்கள். ஒரு கிளிப், ஒரு மூடி, ஒரு லீவர் பிடி என்று அதிலிருந்து எடுக்க ஏதாவது வந்துகொண்டே இருக்கும். என்னுடையது இன்னும் மாடியில் கிடக்கிறது. யாராவது அதில் உட்கார்ந்து சாயப் போனால் மட்டும் கத்தி நிறுத்த வேண்டும், தரையில் பூட்டாத சீட் பின்பக்கமாகக் கவிழும்.